சாம்பல் நிறப் பெட்டியின் கதை

இணையத்தில் ஒரு விண்ணப்பம் நிரப்பப் போனால் சில பெட்டிகள் சாம்பல் நிறத்தில் கிடக்கும். எத்தனை தரம் தட்டினாலும் எழுத விடாது. இது எப்ப வந்தது, ஏன் வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? கணணிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கோப்பை கழுவப் போனவன் சொல்கிறேன், கேளுங்கள்.

1995 நவம்பரில் வந்த எச்.ரி.எம்.எல் 2.0 நியமத்தில் படிவம் இருந்தது. பெட்டியைப் பூட்டும் வழி இருக்கவில்லை. அதே ஆண்டு டேவ் ராகெற் எழுதிய 3.0 வரைவில் 'டிசேபிள்ட்' என்ற சொல் இருந்தது. ஆனால் அந்த வரைவு நியமமாகாமலே காலாவதியானது. 1997 ஜனவரியில் வந்த 3.2இலும் அது இல்லை. 1997 டிசம்பரில் வந்த 4.0இல்தான் இடம் கிடைத்தது. கூடவே 'ரீட்ஒன்லி' என்று ஒரு தம்பியும் வந்தான்.

இரண்டும் ஒன்றல்ல. ரீட்ஒன்லி பெட்டியில் எழுத முடியாது. ஆனால் உள்ளே இருப்பது படிவத்தோடு போகும். டிசேபிள்ட் பெட்டியில் இருப்பது போகவே போகாது. ராப் விசையைத் தட்டினாலும் அதைத் தாண்டிவிடும்.

நெற்ஸ்கேப் 4 உலாவி இந்தப் பூட்டைக் கவனிக்கவேயில்லை. அதனால் பெட்டிக்குள் கால் வைத்தவுடன் ஜாவாஸ்கிரிப்றால் வெளியே தள்ளிவிடுவார்கள்! நிறம் பூசுவதும் லேசில்லை. இன்ரர்நெற் எக்ஸ்புளோரர் 6இல் பூட்டிய பெட்டிகளை மட்டும் தெரிந்தெடுத்து நிறம் பூச சி.எஸ்.எஸ்.இல் வழியில்லை, ஒவ்வொன்றுக்கும் கையால் அடையாளம் போடவேண்டும். அதற்கென்றே ஒரு தெரிவி, 'டிசேபிள்ட்' என்ற அதே பெயரில், 2011 செப்ரெம்பரில்தான் முறையான நியமமானது.

இன்னொன்று. கண்பார்வை குறைந்தவர்களுக்காக 2008இல் வந்த டபிள்யூ.சி.ஏ.ஜி 2.0 விதி, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 வேறுபாடு கேட்கிறது. செயலற்ற பெட்டிக்கு விலக்கு உண்டு. அதாவது, அதை நீங்கள் வாசிக்க முடியாவிட்டாலும் விதி மீறப்படவில்லை!

இதிலென்ன பெரிய விஷயம் என்பீர்கள். எங்கட ஆக்களுக்கு இருக்கிறது. எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. அப்பாவின் பெயர்தான் முன்னுக்கு நிற்கும். இங்கே வந்த நாளில் யாரோ எதையோ எந்தப் பெட்டியிலோ போட்டுவிட, எத்தனையோ பேர் அப்பாவின் பெயரால் கூப்பிடப்படுகிறார்கள். ஒரு அலுவலகத்தின் இணையப் படிவத்தில் என் பெயரும் அப்படித்தான் தலைகீழாய், சாம்பல் நிறத்தில், பூட்டிக் கிடந்தது. காகிதப் படிவமென்றால் ஓரத்தில் ஒரு வரி எழுதியிருப்பேன். பெட்டிக்கு ஓரமும் இல்லை, கேட்க ஆளும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், இது பூட்டே அல்ல. விஷயம் தெரிந்தவன் உலாவியிலேயே அந்தச் சொல்லை அழித்துவிட்டு எழுதுவான். ஆகவே வழங்கி எப்படியும் திரும்பச் சோதிக்கத்தான் வேண்டும். இந்தப் பூட்டு மறிப்பது நேர்மையாக நிரப்புகிறவனை மட்டும்தான்.

தேவையில்லாத கேள்வியை மறைத்தால் அது உதவிதான். நாடு மாறினால் மாகாணப் பெட்டி மூடுவதுபோல. ஆனால் ஒரு மனிசனின் பெயரைப் பூட்டுகிறவர்கள், ஏன் பூட்டினோம், யாரிடம் கேட்கலாம் என்று பக்கத்தில் ஒரு வரி கறுப்பு எழுத்தில் போடட்டும். அதற்குப் புது நியமம் ஒன்றும் தேவையில்லை.