கஞ்சா டாக்டரும் கண்ணுக்குத் தெரியாத நோயும்

கஞ்சா என்றதும் தப்பாக நினைக்க வேண்டாம் நண்பர்களே! இது வரலாற்றுக் கட்டுரைதான். பி.காம். படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்கிறீர்களா? லாபம் வந்த அதே வழியில் நோயும் வந்த கதை இது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் செஞ்சியிலிருந்து மேற்கே போய், திருவண்ணாமலையைத் தாண்டினால் ஜவ்வாது மலை. வெள்ளைக்காரர் காலத்தில் சென்னை மாகாணத்தில் கஞ்சா விளைந்த இடங்களில் அதுவும் ஒன்று. அன்று அது வரி கட்டி விற்கும் சரக்கு. 1893-ல் அரசு ஒரு விசாரணைக் கமிஷன் போட்டது. 1,193 பேரிடம் சாட்சியம் வாங்கி, 1894-ல் ஏழு தொகுதிகளில் அறிக்கை கொடுத்தார்கள்.

அப்போது பெரிய அளவில் பயிரானது வங்காளத்தின் நவ்காவ் பகுதியில். விதை போட்டுத்தான் வளர்ப்பார்கள். ஆண் செடி இருந்தால் பெண் செடி விதை பிடித்துவிடும், சரக்கின் தரம் குறையும். எனவே ஆண் செடிகளைக் கண்டுபிடித்துப் பிடுங்கவே 'பொத்தார்' என்று ஆட்கள் இருந்தார்கள். ஆங்கிலேயர் அவர்களை 'கஞ்சா டாக்டர்' என்றார்கள்!

வைரஸ் என்ற எண்ணமே அப்போதுதான் பிறந்துகொண்டிருந்தது. புகையிலையின் தேமல் நோயை ஆராய்ந்து, பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டியையும் தாண்டிவிடும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று 1892-ல் ரஷ்யாவில் இவனோவ்ஸ்கி காட்டினார். 1898-ல் ஹாலந்தின் பெய்ஜெரிங்க் அதற்கு 'வைரஸ்' என்று பெயர் வைத்தார். அதைவிடச் சிறிய 'வைராய்டு' ஒன்றை 1971-ல் உருளைக்கிழங்கு நோயில் டீனர் கண்டுபிடித்தார்.

இனி அமெரிக்காவுக்குப் போவோம். கலிபோர்னியாவில் கஞ்சா சட்டப்படியான தொழில். அங்கே கஞ்சா டாக்டருக்கு வேலை இல்லை. நல்ல பெண் செடி ஒன்றைத் தாயாக வைத்து, அதிலிருந்து கிளை வெட்டி நட்டால் எல்லாமே பெண், எல்லாமே ஒரே தரம். செலவும் மிச்சம். ஆனால் தாய்ச் செடியில் இருக்கும் நோயும் சேர்ந்தே வரும். வெட்டும் கத்தி அதை அடுத்த செடிக்கும் கொண்டுபோகும்.

அப்படிப் பரவியதுதான் ஹாப் லேட்டன்ட் வைராய்டு. பீருக்குப் போடும் ஹாப்ஸ் செடியில் பெரும்பாலும் சத்தமில்லாமல் இருந்த கிருமி இது. ஹாப்ஸும் கஞ்சாவும் ஒரே குடும்பம். கஞ்சாவில் இது செடியைக் குட்டையாக்கி, தண்டை எளிதில் ஒடியவைத்து, பூவின் பிசினைக் குறைக்கிறது. காரணம் இதுதான் என்று 2019-ல் தெரிந்தது. மொத்தமே 256 எழுத்துள்ள ஆர்.என்.ஏ. வளையம், கொரோனா வைரஸுக்குச் சுமார் 30,000 எழுத்து! விதை வழியாகவும் ஓரளவு பரவும் என்றாலும், கத்தியும் பதியனும்தான் இதற்குப் பெரிய வழி.

நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி கஞ்சா வளர்ப்பது குற்றம். ஆனால் இந்தப் பாடம் நமக்கும் உண்டு. எங்கள் பக்கம் கரும்பை விதை போட்டா வளர்க்கிறோம்? கரணை வெட்டித்தானே நடுகிறோம்! கரும்பின் தேமல் நோயும் கரணையோடுதான் அடுத்த வயலுக்குப் போகிறது. மலிவாகக் கிடைக்கிறதே என்று நோய் பிடித்த தோட்டத்துக் கரணையை வாங்கினால், கணக்குப் புத்தகத்தில் முதல் வரியில் லாபம் தெரியும். நஷ்டம் அறுவடையன்றுதான் தெரியும்.