சிறுபடகும் பெருங்கப்பலும்

கடலிலே சிறுபடகு செலுத்துவோன் புயலுக்கு அஞ்சுவதில் வியப்பில்லை. ஆயினும் புயல் பெரும்பாலும் முன்னறிவித்தலோடு வருவது. வானிலை அறிக்கையைக் கேட்டுத் துறையிலே தங்கிவிட்டால் அதற்குத் தப்பிக்கொள்ளலாம். ஆங்கிலக் கால்வாய் போன்ற கப்பல் நெருக்கம் மிகுந்த கடல்களிலே உல்லாசப் படகுக்காரரை உறங்கவிடாத அச்சம் வேறொன்று. தெளிந்த இரவிலே, அமைதியான நீரிலே, தம்மை அறவே காணாத ஒரு பெருங்கப்பலின் முன்முகம் தம்மேல் ஏறிவிடுமோ என்பதே அவ்வச்சம். டோவர் நீரிணையூடாக நாளொன்றுக்கு நானூறுக்கும் மேற்பட்ட கப்பல்கள் செல்கின்றன. அவை எதிரெதிரே மோதாதிருக்கும் பொருட்டு 1967ஆம் ஆண்டில் அங்கே போக்கும் வரவும் தனித்தனி வழிகளாகப் பிரிக்கப்பட்டன. அவ்வழிகளைக் குறுக்கே கடந்தே பிரித்தானியக் கரையிலிருந்து பிரெஞ்சுக் கரைக்குப் பாய்ப்படகுகள் செல்லவேண்டும். மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் வரும் கப்பல் ஒரு கடல் மைலை மூன்றே நிமிடத்தில் கடந்துவிடும். மூன்று நிமிடம் என்பது தூக்கக் கலக்கத்திலிருக்கும் ஒருவன் எழுந்து, பாயைத் திருப்பி, படகை வேறு திசைக்குக் கொணர்வதற்கே போதாத காலம்.

இப்பொழுது கப்பல்களிலே கட்டாயமாகவுள்ள ‘தன்னியக்க அடையாள முறை’ எனப்படும் டிரான்ஸ்பொண்டர்க் கருவியைச் சிறிய உல்லாசப் படகுகளிலும் பொருத்துதல் தகுமோ, அன்றி அது வீண் செலவோ என்ற வினா படகுக்காரரிடையே ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக நிகழ்ந்துவரும் வழக்கு. இவ்வழக்கைக் கருவியின் விலையை மட்டும் வைத்துத் தீர்க்க முயல்வோர் பலர். சிறியது பெரியதன் கண்ணிற் படுவதற்கு இதுவரை செய்த முயற்சிகளின் வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தாலன்றி அதன் உண்மை விளங்காது.

முதல் முயற்சி விளக்கு. நீராவிக் கப்பல்கள் பெருகிய பின்னர், 1848ஆம் ஆண்டில், அவை இரவிலே வெள்ளை, சிவப்பு, பச்சை விளக்குகளை ஏற்றிச் செல்லவேண்டும் எனப் பிரித்தானியா விதித்தது. பாய்க்கப்பல்களுக்கு நிற விளக்குகள் விதிக்கப்பட்டதோ பத்து ஆண்டுகள் கழிந்து 1858ஆம் ஆண்டிலேயாம். அன்று தொடங்கிய ஒழுங்கே திருந்தி வளர்ந்து, மோதுகையைத் தடுப்பதற்கான 1972ஆம் ஆண்டின் சர்வதேச விதிகளாய் இன்றும் நிலவுகிறது. அவ்விதிகளிலே ஊன்றிக் கவனிக்கத்தக்க ஓரிடம் உண்டு. 12 மீற்றருக்குக் குறைந்த நீளமுள்ள கலத்தின் பக்க விளக்குகள் ஒரு கடல் மைல் தூரத்திற்குத் தெரிந்தாற் போதும் என்பதே அது. சட்டத்துக்கு முற்றாகக் கீழ்ப்படிந்து விளக்கேற்றிய படகையும் எதிர்வரும் கப்பல் மேற்கூறிய அந்த மூன்று நிமிட எல்லைக்குள்ளேதான் காணலாம் என்றாயிற்று. காற்றிலே படகு சாய்ந்தால் விளக்கும் சாயும். ஒளி ஒரு பக்கம் கடல் நீரிலும் மறுபக்கம் வானத்திலும் விழும். மின்கலம் வலுவிழந்தாலோ அந்த ஒரு மைலும் இல்லை.

இரண்டாவது முயற்சி றேடாருக்குத் தெரிதல். இரண்டாம் உலகப் போரின் பின்னர் வணிகக் கப்பல்களிலே றேடார் பரவியது. இருளிலும் மூடுபனியிலும் இரும்புக் கப்பலைக் காட்டித்தரும் அக்கருவிக்கு மரப் படகும் கண்ணாடி நார்ப் படகும் ஏறத்தாழ இல்லாத பொருள்களே. அலை சற்று உயர்ந்தால், அலைகளிலிருந்து மீளும் எதிரொலிகளுக்கிடையிலே படகின் நலிந்த எதிரொலி கரைந்துவிடும். எனவே, உலோகத் தகடுகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் பொருத்திச் செய்த ‘றேடார்த் தெறிப்பான்’ ஒன்றைப் பாய்மரத்திலே கட்டித் தொங்கவிடும் வழக்கம் வந்தது. விலை மலிவு, மின்சாரம் வேண்டாம். அதனைத் தொங்கவிட்டவர்கள் பெரும்பாலும் தம் கடமை முடிந்ததென்றே எண்ணினர்.

றேடார் இருந்தமையாலே மோதல்கள் ஒழிந்தனவோ எனின், இல்லை. 1956ஆம் ஆண்டு யூலை 25ஆந் திகதி இரவு அமெரிக்காவின் நன்ரக்கற் தீவுக்கு அப்பால் ‘அந்திரேயா டோரியா’ என்ற இத்தாலியக் கப்பலும் ‘ஸ்ரொக்ஹோம்’ என்ற சுவீடன் கப்பலும் மோதின. இரண்டிலும் றேடார் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று திரையிலே கண்டிருந்தன. திரையிற் கண்டதற்கு ஒவ்வொரு கப்பலும் வெவ்வேறு பொருள் கொண்டது. ஐம்பது பேரளவில் உயிரிழந்தனர். திரையிலே புள்ளியைக் காண்பது ஒன்று. அப்புள்ளி எங்கே செல்கிறது என அறிவது வேறொன்று.

அந்த இரண்டாவது அறிவைத் தரவே தன்னியக்க அடையாள முறை தோன்றியது. 1989ஆம் ஆண்டு மார்ச் 24ஆந் திகதி ‘எக்சன் வல்டீஸ்’ என்ற எண்ணெய்க் கப்பல் அலாஸ்காக் கரையிலே பாறையில் ஏறி, ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் கலன் எண்ணெயைக் கடலிற் கொட்டியது. அதன் பின் ஐக்கிய அமெரிக்கா 1990ஆம் ஆண்டிலே ஒரு சட்டம் இயற்றியது. அப்பகுதியில் வரும் எண்ணெய்க் கப்பல்கள் தாம் நிற்குமிடத்தைத் தாமே கரைக்கு அறிவிக்கும் கருவியைக் கொண்டிருக்கவேண்டும் என்ற ஏற்பாடும் வந்தது. அதே காலத்திற் சுவீடனைச் சேர்ந்த ஹொக்கன் லான்ஸ் என்பார், பல கலங்கள் ஒரே வானொலி அலைவரிசையில் ஒன்றையொன்று குழப்பாது முறைவைத்துப் பேசும் வழியொன்றை வகுத்திருந்தார். கரைக்கு மட்டுமன்றிக் கப்பலுக்குக் கப்பலும் அறிவிக்கலாம் என்ற நிலை இதனால் எய்தியது. சர்வதேச கடல்சார் அமைப்பு 1998ஆம் ஆண்டில் இக்கருவிக்குரிய தரத்தை ஏற்றது. 300 தொன்னும் அதற்கு மேலுமுள்ள கப்பல்கள் சர்வதேசப் பயணங்களில் இதனைக் கொண்டிருக்கவேண்டும் என்ற விதி 2002 முதற் படிப்படியாய் 2008 வரை நடைமுறைக்கு வருவதாயிருந்தது. 2001 செப்ரெம்பரில் அமெரிக்காவிலே நிகழ்ந்த தாக்குதல்களின் பின் பாதுகாப்புக் கவலை மேலோங்கவே, காலக்கெடு 2004 டிசெம்பர் 31க்கு முற்படுத்தப்பட்டது. மோதலைத் தவிர்க்கப் பிறந்த கருவியை விரைவாகப் பரப்பியது பயங்கரவாத அச்சமே.

கருவியின் தொழிற்பாடு எளிது. செய்மதிகளின் உதவியால் கலம் தன் இருப்பிடத்தை அறிகிறது. அவ்விருப்பிடத்தையும் வேகத்தையும் திசையையும் தனக்குரிய ஒன்பது இலக்க எண்ணோடு சேர்த்து வீ.எச்.எவ். வானொலியில் ஒலிபரப்புகிறது. ஒவ்வோர் அலைவரிசையிலும் ஒரு நிமிடம் 2,250 கூறுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு கலமும் ஒரு கூற்றைப் பிடித்துப் பேசி ஓய்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் பெருங்கப்பல் தன் வேகத்துக்கேற்ப இரண்டு முதல் பத்து விநாடிகளுக்கு ஒருமுறை 12.5 வாற் வலுவோடு பேசும். கேட்கும் கருவி கணக்கிட்டு, அக்கப்பல் எத்தனை நிமிடத்தில், எவ்வளவு அண்மையிற் கடந்துபோகும் என எண்ணாற் காட்டும்.

சிறுகலங்களுக்கெனத் தனி வகையொன்று 2006ஆம் ஆண்டளவில் தரப்படுத்தப்பட்டது. அதன் வலு 2 வாற் மட்டுமே, 30 விநாடிக்கு ஒருமுறையே பேசும், அதுவும் வெற்றிடம் உண்டோ எனக் கேட்டுப் பார்த்தே பேசும், இடமில்லையெனிற் காத்திருக்கும். பெரியோர் அவையிற் சிறுவன் பேசும் முறை என்னலாம். இதிலேதான் வழக்கு எழுந்தது. நெருக்கமான கடலில் இதன் மெல்லிய குரல் யார் காதில் விழும் என்றனர் சிலர். முதற்காலக் கப்பற் கருவிகள் பல, படமெதுவுமின்றிச் சில வரி எழுத்துகளை மட்டும் காட்டும் சிறு பெட்டிகளாயிருந்தமையால், மாலுமிகள் அவற்றை ஏறெடுத்தும் பாரார் என்ற ஐயமும் பொய்யன்று. விடுமுறை நாளிலே நூற்றுக்கணக்கான படகுகள் ஒலிபரப்பினால் கப்பற்றலைவர் சலிப்படைந்து சிறுகலங்களின் குறிகளைத் திரையிலிருந்து அகற்றிவிடுவார் என அஞ்சினோரும் உண்டு. ஆகவே, ‘கேட்கும் கருவி மட்டும் போதும், நாம் பேசவேண்டியதில்லை’ என்ற கட்சி வலுப்பெற்றது. கேட்கும் கருவி மிக மலிவு என்பதும் அக்கட்சிக்குத் துணை நின்றது.

அவ்வாண்டிலேயே இவ்வினாவுக்குக் கொடியதொரு எடுத்துக்காட்டு நேர்ந்தது. 2006 ஆகஸ்ட் 20ஆந் திகதி மாலை, 25 அடியளவு நீளமுள்ள ‘ஊசோ’ என்ற பாய்ப்படகு மூவருடன் வைற் தீவின் பெம்பிரிஜ் துறையிலிருந்து டார்ட்மத் நோக்கிப் புறப்பட்டது. நள்ளிரவுக்குப் பின், தீவின் தெற்கே, போட்ஸ்மத்திலிருந்து ஸ்பெயினின் பில்பாவோவுக்குச் சென்றுகொண்டிருந்த ‘பிரைட் ஒவ் பில்பாவோ’ என்ற பயணிகள் கப்பலின் முன்னே ஒரு படகின் விளக்கு மிக அண்மையிலே தென்பட்டது. கப்பல் விலக்கப்பட்டது. படகு தப்பியது என எண்ணிக் கப்பல் தன் வழியே சென்றது. மூவரின் உடல்களும் அடுத்த நாள்களிலே கடலிற் கண்டெடுக்கப்பட்டன. மூவரும் உயிர்காப்பு அங்கி அணிந்திருந்தனர். நீரில் மணிக்கணக்காக உயிரோடிருந்தமையும் தெரியவந்தது.

பிரித்தானியக் கடல் விபத்து விசாரணைப் பிரிவு 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, படகு கப்பலால் மோதப்பட்டிருக்கவேண்டும், அல்லது மிக அண்மையிற் சென்ற கப்பலெழுப்பிய அலையிற் கவிழ்ந்திருக்கவேண்டும் என முடிவு செய்தது. படகின் தெறிப்பான் கப்பலின் றேடாருக்குப் போதிய எதிரொலியைத் தரவில்லை. விசாரணையின் பொருட்டுப் பலவகைத் தெறிப்பான்கள் ஆய்கூடத்திற் சோதிக்கப்பட்டபோது, படகுக்காரர் நம்பியிருந்த சில மிகவும் நலிந்தவை எனப் புலனாயிற்று. காவலிலிருந்த கப்பல் அதிகாரி மீது வழக்குத் தொடரப்பட்டது. நீதிமன்றம் அவரைக் குற்றவாளியல்லர் என விடுவித்தது. விளக்கு இருந்தது, தெறிப்பான் இருந்தது, பார்வைக்கு ஆளும் இருந்தது. ஆயினும் மூவர் இறந்தனர்.

இந்நிகழ்ச்சியை வைத்து நோக்கின், கேட்கும் கருவியா பேசும் கருவியா என்ற வினாவுக்கு விடை ஓரளவு தெளிவாகிறது. பெருங்கப்பலோ சட்டப்படி தன் இருப்பிடத்தை ஒலிபரப்பிக்கொண்டு செல்வது. மலிவான கேட்கும் கருவியொன்று படகிலே இருப்பின், கப்பல் பல மைலுக்கு அப்பால் வரும்போதே, இத்தனை நிமிடத்தில் இவ்வளவு அண்மையில் வரும் என்ற எச்சரிக்கை படகுக்குக் கிட்டும். ஒதுங்கிச் செல்லவேண்டிய சிறியவனுக்கு இதனிற் பெரிய உதவி யாது? வழியுரிமை பாய்ப்படகுக்கே என விதி கூறலாம். இருளிலே விதியை நம்பி நிற்பவன் அறிவுடையவன் அல்லன். ஆதலின் முதலிடம் கேட்டலுக்கே உரியது.

எனினும் கேட்டல் மட்டும் போதும் என்ற கட்சி ஒன்றை மறந்துவிடுகிறது. காற்றில்லாத பாய்ப்படகும், இயந்திரம் பழுதுற்ற படகும் ஆபத்தை நன்கு அறிந்தபடியே அசையாது கிடக்கும். அந்நிலையிற் கப்பலே விலகவேண்டும். கப்பல் விலகவேண்டுமாயின் முன்னரே அறிந்திருக்கவேண்டும். விளக்கு ஒரு மைலிற் சொல்வதைப் பாய்மரத்தின் உச்சியிலே வானலைக் கம்பி பொருத்திய சிறு கருவி பல மைலுக்கு அப்பாலே சொல்கிறது. 30 விநாடிக்கு ஒருமுறை பேசுவது குறையென்பார்க்கு விடை கணக்கிலேயே உண்டு: மணிக்கு 6 கடல் மைல் வேகத்திற் செல்லும் படகு அந்த 30 விநாடியில் 93 மீற்றரளவே நகரும். ஐந்து மைலுக்கு அப்பாலுள்ள கப்பலுக்கு அது ஒரு பொருட்டன்று. எனவே, கப்பல் வழிகளைக் கடக்கும் படகுக்கு இக்கருவி தகும் என்பதிற் கருத்து வேற்றுமைக்கு அதிக இடமில்லை. ஆற்று முகத்திலும் மூடிய குடாவிலும் பகற்பொழுதிலே உலாவித் திரும்பும் படகுக்கு அது அணிகலன் போல்வது; அங்கே நூறு குறிகள் திரையிலே மொய்ப்பது பயனை அன்றித் தடையையே விளைவிக்கும்.

வேறொரு குறையும் கூறப்படுவதுண்டு. ஒலிபரப்பியதைக் கப்பல் மட்டுமன்றி எவரும் கேட்கலாம். கப்பல்களின் இருப்பிடங்களை இணையத்திலே எல்லோர்க்கும் காட்டுவதைச் சர்வதேச கடல்சார் அமைப்பின் குழு 2004 டிசெம்பரிலேயே கண்டித்தது; கண்டித்தும் அது நின்றபாடில்லை. கடற்கொள்ளையர் உள்ள நீரிலே கருவியை நிறுத்திவைப்போர் உளர். அது அவரவர் செல்லும் கடலைப் பொறுத்தது.

இவையனைத்தினும் ஆழமான தடை கருவியிலன்று, அதனை நம்பி உறங்குவோரிடத்தே உள்ளது. 1972ஆம் ஆண்டு விதிகளின் ஐந்தாம் விதி, கண்ணாலும் காதாலும் கிடைக்கும் ஏனைய எல்லா வழிகளாலும் எப்பொழுதும் காவல் பார்க்கவேண்டும் என்கிறது. ஒருவர் தனியே படகு செலுத்தி உலகைச் சுற்றும் ‘வொந்தே குளோப்’ பந்தயத்தில் இவ்விதியை முழுமையாகக் காத்தல் எவ்வாற்றானும் இயலாது. போட்டியாளர் உறங்கியே ஆகவேண்டும். 2021 சனவரி 27ஆந் திகதி இரவு, முடிவெல்லைக்கு ஏறத்தாழ 90 கடல் மைல் தூரத்திலே, ஜேர்மன் வீரர் பொரிஸ் ஹேர்மன் சற்றுக் கண்ணயர்ந்திருந்தார். அவருடைய படகிலே றேடார் இருந்தது. தன்னியக்க அடையாள முறை இருந்தது. நீரில் மிதக்கும் பொருள்களை ஒளிப்படக் கருவியாற் கண்டுணரும் புதிய பொறியும் இருந்தது. எண்பது நாள்கள் அவை அவரைக் காத்து வந்தன. அன்றிரவு ஒன்றும் ஒலி எழுப்பவில்லை. அவர் கண்விழித்தபோது படகு ஒரு மீன்பிடிக் கப்பலோடு மோதியிருந்தது. முன்னணியில் நின்றவர், சேதமுற்ற படகை மெதுவாகச் செலுத்தி, மறுநாள் லே சாப்ள் தொலோன் துறையை அடைந்தார்.