பள்ளிக்குப் போகும் பாதை



கிராமத்துப் பெண் குழந்தைகளின் படிப்பு ஏன் பாதியில் நிற்கிறது என்று கேட்டால், பெற்றோரின் அறியாமை என்று உடனே விடை வருகிறது. இந்த விடை பழியைத் தூக்கிக் குடிசையின் மேல் போடுகிறது. வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. பள்ளியின் கதவுக்கு முன்பே, பள்ளிக்குப் போகும் பாதை நம் பெண்களுக்கு அடைபட்டிருந்தது.

மராட்டியத்தில் நாய்காவ் என்னும் சிற்றூரில் 1831இல் பிறந்த சாவித்திரிபாய்க்கு ஒன்பது வயதில் மணம். கணவர் ஜோதிராவ் புலே அவருக்கு எழுத்தறிவித்தார். 1848இல் புனேயில் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கினார்கள். சாவித்திரிபாய் மீது சாணியும் கல்லும் விழுந்தது வகுப்பறையில் அல்ல, தெருவில். மாற்றுச் சேலை ஒன்றை எடுத்துக்கொண்டுதான் அவர் பாடம் நடத்தப் போனார்.

அவர்களிடம் படித்த முக்தா சால்வே, தீண்டப்படாதவராக ஒதுக்கப்பட்ட மாங் சாதிச் சிறுமி. மாங், மகர் மக்களின் துயரம் பற்றி 14 வயதில் அவள் எழுதிய கட்டுரை 1855இல் ‘ஞானோதயா’ இதழில் வந்தது. பேஷ்வா ஆட்சியில் உடற்பயிற்சிக் கூடத்தின் முன்பாக நடந்து போனதற்கே தன் மக்களின் தலை வெட்டப்பட்டது என்று எழுதினாள். கூரையில்லாமல் பிள்ளை பெறும் தாய்மாரின் வேதனையையும் எழுதினாள். சில ஆண்டுப் படிப்பு, ஒரு சிறுமி சாதியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டாள். பாதையை மறித்தவர்கள் அஞ்சியது இதற்குத்தான்.

சென்னை மாகாணத்திலும் இதே நிலைதான். ஊர்த் தெருவிலும் அக்கிரகாரத்திலும் இருந்த பள்ளிக்குச் சேரிப் பிள்ளை எந்த வழியாகப் போவது? பொதுச் சாலைகளும் கிணறுகளும் எல்லாருக்கும் உரியவை என்று இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. நடப்பதற்கே ஒரு தீர்மானம்!

தீர்மானம் நிறைவேறியது. ஆனால் பெண்பிள்ளை வயதுக்கு வந்ததும் பாதை மறுபடி அடைபடுகிறது. ஊர்த் தெருவைக் கடந்து போகும் சேரிப் பெண்ணைச் சீண்டினால் கேட்க ஆளில்லை என்பது சீண்டுகிறவனுக்கும் தெரியும், பெற்றவளுக்கும் தெரியும். புகார் கொடுத்தால் மறுநாள் வயலில் வேலை கிடைக்காது. மகளை நிறுத்துகிற தாயிடம் இருப்பது அறியாமை அல்ல. அறிந்ததால் வந்த அச்சம்.

2001-02இல் தமிழக அரசு 11, 12ஆம் வகுப்பு ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கு இலவச மிதிவண்டி தந்தது. நல்ல திட்டம். ஆனால் நம்மவர்கள் மிதிவண்டியை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்ற தெருக்களும் இதே நாட்டில்தான் இருந்தன. வண்டியை அரசு தரலாம். தெருவைத் திறப்பது போராட்டம்.

களப்பணிக்குப் போகும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். படிப்பை நிறுத்திய பெண்ணின் வீட்டில் ‘ஏன் நிறுத்தினீர்கள்?’ என்று கேட்பதற்கு முன், அவள் பள்ளிக்குப் போன வழியில் ஒருமுறை நடந்து பாருங்கள். யார் வீட்டுத் திண்ணையைக் கடந்தாள், யார் கண்ணுக்குப் பயந்தாள் என்று எழுதுங்கள். அதுவே நம் கல்வி வரலாற்றின் எழுதப்படாத பக்கம்.