அரண்மனை விடுதியும் பஞ்சத்தின் கதையும்

இந்தியாவின் இராஜஸ்தான் மாநிலத்துக்குச் செல்லும் பிரயாணி, பணமிருப்பின், அரசர் உறங்கிய அறையிலே இன்று தானும் உறங்கலாம். பழைய கோட்டைகளும் அரண்மனைகளும் வேட்டை மாளிகைகளும் செப்பனிடப்பட்டு விடுதிகளாகியுள்ளன. 1950க்கு முன் கட்டப்பட்ட இத்தகைய கட்டடங்களை மரபுரிமை விடுதிகள் எனத் தனியே வகைப்படுத்தி இந்திய அரசும் ஊக்குவிக்கின்றது. அங்கே தங்குவோர் விலைகொடுத்துப் பெறுவது படுக்கையை மட்டுமன்று. கடந்த காலம் பற்றிய ஒரு கதையையும் பெறுகின்றனர். அக்கதை யாருடைய கதை?

இம்மாற்றத்தின் அடிப்படை பொருளாதாரமே. 1947க்குப் பின் சமஸ்தானங்கள் இந்தியாவுடன் இணைந்தன. மன்னர்கள் ஆட்சியை இழந்து மானியம் பெற்றனர். 1952இல் இயற்றப்பட்ட இராஜஸ்தான் சட்டம் ஜாகீர் நிலங்களை மீட்க வழிசெய்தது. 1957இல் ஜெய்ப்பூரின் ராம்பாக் அரண்மனையும், 1963இல் உதயப்பூரின் ஏரி அரண்மனையும் விடுதிகளாயின. 1971இல் அரசியலமைப்பின் 26ஆவது திருத்தம் மன்னர் மானியத்தையும் ஒழித்தது. நிலவரி வளர்த்த மாளிகையை அறைவாடகை காக்கலாயிற்று.

ஜோத்பூரின் உமைத் பவனை எடுத்துக்கொள்வோம். மகாராஜா உமைத் சிங் 1929இல் அடிக்கல் நாட்டினார். 1943இல் பணி நிறைவுற்றது. ஆங்கிலேயரான ஹென்றி வோன் லான்செஸ்டர் வரைந்த இம்மாளிகையில் 347 அறைகள் உள்ளன. சாந்தின்றி ஒன்றோடொன்று கொளுவிநிற்கும் மணற்கற்களாற் சுவர்கள் எழுந்தன. கல்லைக் கொண்டுவரவே இருப்புப்பாதை இடப்பட்டது. இன்று ஒருபுறம் மன்னர் குடும்பமும், ஒருபுறம் விடுதியும், ஒருபுறம் அரும்பொருட்காட்சியகமும் அமைந்துள்ளன.

அங்கு வருவோருக்கு ஒரு செய்தி தவறாது கூறப்படும். 1920களில் மார்வாரில் மழை பொய்த்துப் பஞ்சம் நேர்ந்தபோது, மக்களுக்கு வேலையளிக்கவே மன்னர் இவ்வரண்மனையைக் கட்டுவித்தார் என்பதே அது. இதனைப் பொய்யென்று தள்ளிவிட முடியாது. ஆயிரக்கணக்கானோர் அங்கே வேலைசெய்து கூலி பெற்றனர். பசித்த குடும்பத்துக்கு அக்கூலி உயிராகவே இருந்திருக்கும். ஆயின், கதை அத்துடன் நின்றுவிடுகின்றது. ஒரு மழை தவறியவுடன் உழவன் ஏன் கையேந்தும் நிலையை அடைந்தான் என்று அது கேட்பதில்லை.

மழையின்மை மட்டும் அதற்கு விடையாகாது. மார்வாரின் நிலத்திற் பெரும்பகுதி ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. விளைச்சலிற் பங்கைக் கொடுத்த பின்னரும் உழவன் 'லாக்-பாக்' எனப்பட்ட பற்பல வரிகளைச் செலுத்தவேண்டும். 'பேகார்' என்னும் கூலியில்லா உழைப்பையும் தரவேண்டும். நல்ல ஆண்டிலே சேமிக்க இடங்கொடாத அமைப்பு, வறண்ட ஆண்டிலே அவனைப் பட்டினிக்கு ஒப்படைத்தது. அவனுடைய களஞ்சியத்தை வெறுமையாக்கிய அமைப்பின் உச்சியிலிருந்தவரே பின்னர் அவனுக்குக் கூலி கொடுத்த வள்ளலாகவும் தோன்றினார்.

மக்கள் இதனை உணராதிருக்கவில்லை. 1938இல் மார்வார் லோக் பரிஷத் தோன்றிப் பொறுப்பாட்சி கோரியது. அவ்வியக்கத்திலே கைதான பால்முகுந்த் பிஸ்ஸா 1942இல் சிறையில் உண்ணாவிரதமிருந்து, நோயுற்று உயிர் நீத்தார். அரண்மனை நிறைவெய்தியது அதற்கு அடுத்த ஆண்டு. 1947 மார்ச்சில் டாப்ரா கிராமத்திலே உழவர் இயக்கத்தினர்மீது ஜாகீர்தாரின் ஆட்கள் நடத்திய தாக்குதலிற் பலர் மாண்டனர். இவையும் அம்மாளிகையின் காலத்து வரலாறேயாகும்.

பழைய கட்டடங்களைப் பேணுதல் தவறென்று நாம் கூறவில்லை. இடிந்து மண்ணாவதிலும் அவை நிலைத்திருத்தல் நன்று. கல்தச்சரின் கைவண்ணமும் பிழைக்கின்றது, சுற்றூராருக்குத் தொழிலும் கிட்டுகின்றது. ஆனால் சுவரைச் செப்பனிடுவோர் வரலாற்றையும் செப்பனிட்டுவிடுதல் ஆகாது. மன்னர் பெயர்களையும் ஆண்டுகளையும் மாணவரை ஒப்புவிக்கச் செய்யும் ஆசிரியர்களாகிய நாமும் பல வேளைகளில் அதே செயலைத்தான் புரிகின்றோம். அரண்மனையைக் கட்டியவர் யார் என்று வினாவும்போது, கல் சுமந்தவரின் பசிக்குக் காரணம் யாது என்றும் சேர்த்து வினாவ மாணவரைப் பழக்குவோமாக. அவ்வினா எழாதவரை, அரண்மனையில் ஓரிரவு தங்குபவர் காணும் வரலாறு அரசரின் கனவாகவே இருக்கும்.