திண்மத்துள் நகரும் வெள்ளி

மின்பகுபொருள் என்றதும் கரைசலை நினைத்தல் வழக்கம். ஆயின், வெள்ளிச் சல்பைட்டு என்னும் திண்மம் சூடேற மின்னை நன்கு கடத்துதலை மைக்கேல் பரடே 1833இற் கண்டறிந்தார். வெள்ளி அயடைட்டின் கடத்துதிறன் ஏறத்தாழ 147 பாகை செல்சியசில் ஆயிரக்கணக்கான மடங்கு உயர்தலை 1914இல் தூபாந்தும் லோரன்சும் காட்டினர். ஆங்கு நகர்பவை வெள்ளி அயன்களே.

அத்திண்மத்துட் பொதிந்த வெள்ளித் துணிக்கையும் மின்புலத்தில் நகர்கின்றது. நேர்முனையை நோக்கிய பக்கத்தில் அயன்கள் வந்து படிகின்றன, மறுபக்கம் கரைகின்றது. ஆதலின் அயன்கள் எதிர்முனைக்குச் செல்ல, துணிக்கையோ தள்ளுவாரின்றியே நேர்முனையை நோக்கி ஊர்கின்றது.

இவ்வாராய்ச்சி மேலைநாட்டோடு நின்றுவிடவில்லை. திண்மநிலை அயனியலின் பத்தாவது ஆசிய மாநாடு 2006இல் கண்டியிலே கூடியது. பண்டாரவளை மாணவர்க்குக் கண்டி ஒரு புகையிரதப் பயணத் தொலைவே.