தங்கவயலில் யாருடைய பழைய நாட்கள்?

கோலார் தங்கவயலின் பழைய நினைவுகளை எழுதுகிறவர்கள் ‘குட்டி இங்கிலாந்து’ என்றுதான் தொடங்குகிறார்கள். குளிர், கிளப், பங்களாத் தோட்டம், 1902லேயே சிவனசமுத்திரத்திலிருந்து வந்த மின்சாரம். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த மின்சாரம் சுரங்க எந்திரங்களுக்காக வந்தது. வட ஆற்காட்டிலிருந்து சாதிக்கும் பஞ்சத்துக்கும் தப்பி வந்த நம் மக்கள் அப்போது மூங்கில் தட்டிக் குடிசைகளில் இருந்தார்கள்.

எனக்கும் ஏக்கம் உண்டு, மறைப்பானேன்? லைனில் ஷிஃப்ட் சங்குதான் கடிகாரம். ஆயா அதைக் கேட்டுத்தான் உலை வைக்கும். தாத்தாவின் இருமலை வயசுக் கோளாறு என்றே நினைத்திருந்தோம். சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். பாறைத்தூசி நுரையீரலில் படிந்தால் வருவது சிலிகோசிஸ் என்பதைக் கல்லூரியில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

1930இல் தொழிலாளர்களின் கைரேகையைப் பதியச் சொன்னார்கள். குற்றவாளிக்குச் செய்வதைப் போன்ற அந்த வேலையை எதிர்த்துச் சுரங்கமே வேலைநிறுத்தத்தில் இறங்கியது. குட்டி இங்கிலாந்து நினைவுகளில் இது மட்டும் வருவதே இல்லை.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். சயனைடு மண்மேடுகள் அப்படியே கிடக்கின்றன. சங்கு இல்லை. பெங்களூர் ரயிலில் இடம் பிடிக்க, லைன் பிள்ளைகள் இன்றும் இருட்டோடுதான் எழுந்திருக்கிறார்கள்.