யானை, டீச்சர்!



பேத்திக்கு ஒரு படப் புத்தகம் வாங்கினேன். 1947இல் அமெரிக்காவில் வெளியானது. எழுதிப் படமும் வரைந்தவர் சார்லஸ் ஷா என்ற நியூயார்க் ஓவியர். 'அது சிந்திய பால்போல இருந்தது' என்பது தலைப்பின் பொருள். நீலப் பக்கத்தில் ஒரு வெள்ளை உருவம், அவ்வளவுதான். முயல், பறவை, மரம், பன்றி, ஆந்தை என்று பக்கத்துக்குப் பக்கம் உருவம் மாறும். ஆனால் அது எதுவுமே இல்லை என்பார். மேகம் என்பதைக் கடைசியில்தான் சொல்வார்.

படித்து முடித்ததும் ஒரு பழைய வகுப்பு நினைவுக்கு வந்தது. ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பையனை எழுப்பி, "அங்கே என்ன இருக்கு?" என்று அதட்டினேன். "யானை, டீச்சர்" என்றான். வகுப்பே சிரித்தது. அவனைப் பாடம் முடியும்வரை நிற்க வைத்தேன். அன்று நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தது மேகங்களின் வகைகளை!

அந்த வகைகளின் வரலாற்றைப் பிற்பாடுதான் படித்தேன். மேகங்களுக்குப் பெயர் வைத்த லூக் ஹோவர்டு லண்டனில் மருந்து தயாரிப்பவர். வானிலை அவருக்குத் தொழில் அல்ல. சிறு வயதிலிருந்தே வானம் பார்ப்பதில் ஆசை. 1802 டிசம்பரில் அறிவியல் ஆர்வலர்களின் சிறு கூட்டம் ஒன்றில் தம் கட்டுரையை வாசித்தார். அதே ஆண்டில் பிரான்சில் லமார்க்கும் மேகங்களை வகைப்படுத்தினார். ஆனால் அவர் வைத்த பிரெஞ்சுப் பெயர்கள் நிலைக்கவில்லை. ஹோவர்டின் லத்தீன் பெயர்களே உலகெங்கும் பரவின. 1896இல் வந்த சர்வதேச மேகப் படத்தொகுப்பும் அவற்றை அடிப்படையாகக் கொண்டதுதான்.

அந்தப் பெயர்களுக்கு என்ன பொருள் தெரியுமா? 'சிர்ரஸ்' என்றால் சுருள்முடி. 'குமுலஸ்' என்றால் குவியல். 'ஸ்ட்ராட்டஸ்' என்றால் விரித்த அடுக்கு. நம் பாடநூலில் அவையே கீற்று, திரள், படை மேகங்கள். அண்ணாந்து பார்த்து, 'இது எதைப்போல இருக்கிறது?' என்று கேட்டதில் பிறந்த பெயர்கள். ஹோவர்டு சுருள்முடியைப் பார்த்தார். என் மாணவன் யானையைப் பார்த்தான். இருவரும் தொடங்கிய இடம் ஒன்றுதான்.

சின்ன வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேகப் பாடத்தன்று பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துப் போங்கள். முதலில் முயலும் யானையும் வரட்டும். பெயர்களைப் பிறகு சொல்லலாம்.

அந்தப் பையனுக்கு இப்போது நாற்பது வயதைத் தாண்டியிருக்கும். அன்று நான் அவனிடம், "தும்பிக்கை எந்தப் பக்கம்டா?" என்று கேட்டிருக்க வேண்டும்.